வேடியம்மாளின் மூன்று நிமிடங்கள்

அநியாயம் நடந்தது வேடியம்மாளுக்கு. வயது ஒன்பது.

அவள் அழவில்லை. அதற்காக, வாரத்தில் அவளுக்கென்று இருந்த மூன்று நிமிடங்களைப் பிடுங்கி, அழுகிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கொடுமை என்றால் ஓர் அடியாவது விழுந்திருக்க வேண்டும், ஒரு வசவாவது கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இங்கே அடி இல்லை. வசவு இல்லை. கைதட்டல்தான் இருந்தது.

முதலில் கைதட்டியவர் பேராசிரியர் தணிகாசலம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர்தான் டீச்சரிடம் வந்து நின்றார்.

"டீச்சர், வேடி பேசமாட்டேங்கிறா."

அரசி டீச்சர் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும். நாலு நாளாச்சு."

"நாலு நாளைக்கு முன்னாடி என்ன ஆச்சு?"

பதில் பேராசிரியருக்குத் தெரியும்.

இந்த இருவரில் குரு யார், சீடர் யார் என்று பார்த்ததும் சொல்லிவிட முடியாது. பேராசிரியருக்கு அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்துமூன்று. பேராசிரியர் முப்பது வருடம் கல்லூரியில் உளவியல் நடத்தியவர். பிள்ளைகளின் மனத்திடம் பற்றித் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எழுதியவர். டீச்சர் அந்த மலையிலேயே பிறந்து, அந்த மலைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி நடத்துகிறவர்.

ஓய்வு பெற்ற மறுமாதமே பேராசிரியர் பெட்டியோடு மலையேறி வந்தார்.

"கத்துக்க வந்திருக்கேன் டீச்சர். என்னை மாணவனா வெச்சுக்கங்க."

"என்ன சார் கத்துக்கணும்?"

"கஷ்டத்துல வளர்ற பிள்ளைங்க எப்படி உடையாம நிக்கிறாங்கன்னு."

"உடையலைன்னு யாரு சொன்னாங்க?"

பேராசிரியர் சிரித்தார். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

மார்கழி பிறந்தால் அந்த மலையில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழும். பெரியவர்கள் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விடுவார்கள். பங்குனியில்தான் திரும்புவார்கள். அதுவரை பிள்ளைகள் விடுதியில். அந்த வருடம் இருபத்திரண்டு பேர்.

விடுதிக்குள் டவர் கிடைக்காது. பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன் உச்சியில் ஏறி நின்றால் கிடைக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் போன் பாறை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் அதன்மேல் வரிசையாக உட்காருவார்கள். இங்கிருந்து குடகு மேஸ்திரியின் போனுக்கு அடிப்பார்கள். அங்கே அப்பா அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள். இங்கே ஒரு பெயர் கூப்பிட்டால் அங்கே ஒரு பெயர். ஆளுக்கு மூன்று நிமிடம். தவறினால் அடுத்த ஞாயிறுதான்.

அந்த வேலையை டீச்சர் பேராசிரியரிடம் கொடுத்தார்.

"போனைப் பிடிச்சுக்குங்க. பேரைக் கூப்பிடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

அவர் வேறொன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனால் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

கோதை என்று ஒரு பிள்ளை. ஆறு வயது. மூன்று நிமிடமும் அழுவாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு "அம்மா" என்று ஆரம்பிக்கும்போது நேரம் முடிந்துவிடும். வேறொரு பிள்ளையின் கையில் போனைக் கொடுக்க, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

வேடி அப்படியில்லை. அவளுடைய பேச்சைப் பேராசிரியர் அப்படியே நோட்டில் எழுதிவைத்தார்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்டேன்."

"அங்க மழையா?"

"இல்ல."

"வெச்சிரட்டா?"

"வைப்பா."

நாற்பது வினாடி. முதல் ஞாயிறு இது. இரண்டாம் ஞாயிறும் இதே. மூன்றாம் ஞாயிறும் இதே. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

அதன் கீழே எழுதினார்: "உரையாடலில் செய்தி எதுவும் இல்லை. குடும்பத்தின் துணை இக்குழந்தைக்குத் தேவைப்படவில்லை. மிகத் திடமான பிள்ளை."

"மிக" என்பதற்கு அடிக்கோடு போட்டார்.

படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது. தூணைத் தட்டிப் பார்த்து, உறுதியாக இருக்கிறது, இனி அடியில் மண் எதற்கு என்று தோண்டி எடுக்கிற வேலை. ஒரு கொத்தனாரிடம் சொன்னால் அடிக்க வருவார்.

பேராசிரியர் டீச்சரிடம் போனார்.

"வேடியோட நேரத்தைக் கோதைக்குக் கொடுத்தா என்ன டீச்சர்?"

"வேடி என்ன சொன்னா?"

"கேட்டுட்டேன். சரின்னுட்டா."

டீச்சர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

பேராசிரியர் எப்படிக் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாறைமேல் வைத்துக் கேட்டார். இருபத்தொரு பிள்ளைகளுக்கு நடுவில்.

"வேடிக்குட்டி, நீதான் தைரியசாலி ஆச்சே. உன் நேரத்தைக் கோதைக்குத் தரலாமா?"

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"சரிங்க சார்."

"பாத்தீங்களா? எல்லாரும் வேடிக்குக் கை தட்டுங்க!"

தட்டினார்கள். கோதைகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள்.

இருபத்தொரு பேர் கைதட்டிய பிறகு எந்தப் பிள்ளையால் "இல்ல சார், எனக்கும் வேணும்" என்று சொல்ல முடியும்? சொல்லியிருக்கலாமே என்கிறவர்கள், ஒன்பது வயதில் அந்தப் பாறைமேல் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

மூன்று ஞாயிறு கழிந்தது.

மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாள் கோதை மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார்! சார்! வேடி கல்லுல பேசறா!"

"கல்லுலயா?"

"ஆமா சார்! லூசு சார் அவ! வந்து பாருங்களேன்!"

பாறைக்குப் பின்பக்கம். வேடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டைக் கல். அதைக் காதோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"சாப்டியா பாப்பா?" குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டாள்.

"சாப்டேன்." இது அவளுடைய குரல்.

"அங்க மழையா?"

"இல்ல."

அடுத்த கேள்வி வரவில்லை. வெச்சிரட்டா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"சாப்டியா பாப்பா?"

கோதை களுக்கென்று சிரித்துவிட்டாள். வேடி திரும்பினாள். பேராசிரியரைப் பார்த்தாள். கல் கீழே விழுந்தது.

அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது.

இப்போது வெள்ளிக்கிழமை. முறத்தில் கேழ்வரகு. பேராசிரியர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ஆனா டீச்சர், சாப்பாடு நல்லா சாப்பிடறா. நான் கவனிச்சுட்டுதான் வர்றேன். தட்டு சுத்தமா காலியாகுது. அதனால பெரிய பாதிப்பு இருக்காதுன்னு..."

டீச்சர் முறத்தைக் கீழே வைத்தார். முகவாயால் சமையல்கட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்.

அங்கே செவலை படுத்திருந்தது. விடுதி நாய். மார்கழியில் விலா எலும்பை எண்ணலாம் போலக் கிடந்தது. இப்போது எழுந்திருக்கவே யோசித்தது. வயிறு மண்ணில் பரவியிருந்தது. வாயோரத்தில் காலைக் களி ஒட்டியிருந்தது.

பேராசிரியர் நாயைப் பார்த்தார்.

அவர் குரல் திடீரென்று உயர்ந்தது.

"அவ சொல்லியிருக்கலாமே! நான் கேட்டேனே டீச்சர்! கேட்டுட்டுத்தானே செஞ்சேன்! மூணு கேள்வி, மூணு பதில். அதுல என்ன இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?"

"உங்களுக்கு யாரு சார் போன் பண்ணுவாங்க?"

"எனக்கா? இப்ப எதுக்கு அது?"

"சும்மா சொல்லுங்க."

"எங்க அக்கா. திருக்கோவிலூர்ல இருக்கா. ஊருல இருந்த வரைக்கும் தினமும் பண்ணுவா. வேலை வெட்டி கிடையாது அவளுக்கு."

"என்ன கேப்பாங்க?"

"என்ன கேப்பா? சாப்டியாம்பா. அறுபத்தோரு வயசுக்காரனைப் பாத்து."

டீச்சர் விடவில்லை. "நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஆச்சு ஆச்சு, வைன்னுவேன்."

"அதுல என்ன செய்தி இருக்கு சார்?"

பேராசிரியர் தரையில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. அன்று முதலில் கூப்பிட்ட பெயர் வேடியம்மாள். மூன்று நிமிடம் அல்ல, ஆறு நிமிடம் என்று பேராசிரியர் முடிவு செய்திருந்தார். சொன்னபடி வேடி பாறையேறி வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"வேடியோட அப்பா மாதப்பனைக் கூப்பிடுங்க மேஸ்திரி."

"மாதப்பனா? அவன் வரலீங்களே." மேஸ்திரிக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம். பாறை முழுக்கக் கேட்டது. "மூணு வாரம் வந்து நின்னாங்க, புருஷனும் பொஞ்சாதியும். எல்லாப் பேரும் கூப்ட்டீங்க, அவங்க பேரை விட்டுட்டீங்க. இனிமே எதுக்குன்னு ஓடைக்குத் துணி தொவைக்கப் போயிட்டாங்க."

பேராசிரியர் வேடியைப் பார்த்தார்.

அவள் இறங்கிப் போய் வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை.

யாரும் கைதட்டவில்லை.

அன்று மத்தியானம் அவர் டீச்சரைத் தேடிப் போனார். இந்த முறை வாதம் எதுவும் கொண்டுபோகவில்லை.

"நான் என்ன செய்யணும் டீச்சர்?"

டீச்சர் எழுந்து பாறையின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தத் தட்டைக் கல் இருந்தது. அதை அவருடைய கையில் வைத்தார்.

"மாதப்பன்கிட்ட குடுத்துருங்க."

"குடகுக்குப் போகணுமா?"

"கல்லு போன்ல போகாது சார்."

அவர் பெட்டியை எடுக்கத் திரும்பினார். டீச்சர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சார். அன்னிக்கு நீங்க கேட்டப்ப, வேணாம்னு சொல்ல வாய் வந்துச்சு. புத்தகம் எழுதினவராச்சே, நமக்கு என்ன தெரியும்னு முழுங்கிட்டேன். அது என் தப்பு. அதையும் மாதப்பன்கிட்ட சொல்லிருங்க."

பேராசிரியர் நோட்டுப் புத்தகத்தை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

குடகு அவ்வளவு பக்கம் இல்லை. இரண்டு நாளில் மூன்று பஸ், ஒரு ஜீப். வார நாளில் மேஸ்திரியின் போன் எடுபடவில்லை; மாதப்பன் இருந்த தோட்டத்தைக் கண்டுபிடிக்கவே இன்னும் நாலு நாள். சனிக்கிழமை மாலை, பழக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் திரும்பும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

மாதப்பன் அவரைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தான். அவன் மனைவி சின்னத்தாயிதான் முதலில் பேசினாள்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அப்பறம் எதுக்கு சார் இவ்ளோ தூரம்?"

"நீங்க ஏன் போனுக்கு வரலை?"

மாதப்பன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"வந்தோம் சார்," என்றான். "மூணு வாரம் நின்னோம். பேரு வரலை. பாப்பா வேணாம்னுட்டா போலன்னு நெனச்சோம்."

"நான்தான் சொன்னேங்க இவருகிட்ட," என்றாள் சின்னத்தாயி. "புள்ள நாலெழுத்து படிக்குது. நமக்கு என்ன பேசத் தெரியும். வாரா வாரம் சாப்டியா, மழையா, சாப்டியா, மழையா. அதுக்குச் சலிச்சுப் போயிருக்கும்னு."

"சலிச்சுக்கிட்டது அவ இல்லம்மா," என்றார் பேராசிரியர். "நான்."

அவர்களுக்குப் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். நோட்டில் எழுதியதை, கைதட்டலை, நாயை. டீச்சர் சொல்லச் சொன்னதையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. கல்லூரியில் முப்பது வருடம் பேசியவர், அந்த லைன் வீட்டு வாசலில் சொற்களைத் தேடித் தேடிப் பேசினார்.

பிறகு பையிலிருந்து கல்லை எடுத்துக் கொடுத்தார்.

"இது என்னாங்க சார்?"

"வேடியோட போன்."

இருவரும் சிரிக்கவில்லை.

"இதுல என்ன பேசுச்சு?" என்றாள் சின்னத்தாயி.

"அவங்க அப்பா குரல்ல சாப்டியான்னு கேப்பா. அவளே சாப்டேன்னுவா. மழையான்னு கேப்பா, இல்லன்னுவா. வெச்சிரட்டான்னு மட்டும் கேக்கவே இல்ல. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பா."

சின்னத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மாதப்பன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கனத்தில் பை தொங்கியது.

"நாளைக்கு எத்தினி மணிக்கு சார்?"

"பத்து."

மறுநாள் ஒன்பது மணிக்கே வரிசையில் முதல் ஆளாக நின்றான்.

பத்து மணிக்குப் போன் வந்தது. அரசி டீச்சரின் குரல். "வேடியம்மாள்."

"மாதப்பா!" என்றார் மேஸ்திரி.

மாதப்பன் போனை வாங்கினான். ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்தான், சின்னத்தாயிக்கும் கேட்க வேண்டுமே. பேராசிரியர் ஓர் அடி தள்ளி நின்றார்.

"சாப்டியா பாப்பா?"

பதில் இல்லை. பாறைமேல் காற்று அடிப்பது கேட்டது.

"அங்க மழையா?"

காற்றுதான்.

மாதப்பன் காத்திருந்தான். மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று. வரிசையில் செருமினார்கள்.

"என்னப்பா, பேச்சே காணோம்?" என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு ஆச்சு மாதப்பா. பின்னாடி ஆளுங்க நிக்குது பாரு. குடு."

மாதப்பன் போனை நீட்டவில்லை. வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

பேராசிரியர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு முன்னால் வேறொரு குரல் வந்தது. அடுத்ததாக நின்றவள். கோதையின் அம்மா. முந்தின மாலை பேராசிரியர் சொன்னதைப் பக்கத்து வாசலில் நின்று கேட்டவள்.

"அவரே பேசட்டும் மேஸ்திரி. எங்க மூணு நிமிஷத்தையும் எடுத்துக்கட்டும்."

"உன் புள்ள அழுமேம்மா?"

"அழட்டும். அவங்க நேரத்தை நாங்க மூணு வாரம் தின்னிருக்கோம்."

மேஸ்திரி கையை இறக்கிக்கொண்டார்.

மாதப்பன் போனை வாயருகே கொண்டுபோனான். வேறு என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"சாப்டியா பாப்பா?"

காற்று. காற்றுக்கு நடுவில் ஒரு மூச்சு. அது உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை.

யாரும் செருமவில்லை.

"சாப்டலப்பா."